லேனியர் ஏரியில் இலையுதிர்கால ஸ்ட்ரைப்பர்: எந்த உயிர் இரை உங்களுக்குச் சரி?

ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங், ஜான்ஸ் கிரீக், கெய்ன்ஸ்வில் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு லேனியர் ஏரி கிட்டத்தில்தான் இருக்கிறது. அக்டோபர் நெருங்கினால் படகு வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். ஸ்ட்ரைப்பர் என்னும் வரிபோட்ட பாஸ் மீனுக்கு எந்த இரை? கடையில் ஹெர்ரிங் மீன் வாங்கிவிடலாமா, வலை வீசி ஷாட் மீன் பிடிக்க வேண்டுமா, ட்ரௌட்டுக்குச் செலவழித்தால் பெரிய மீன் வருமா, சும்மா மின்னோ பொடிமீன் போதாதா?

கேட்பவர்கள் பெரும்பாலும் மீனுக்கு எது பிடிக்கும் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். பசித்த ஸ்ட்ரைப்பர் இவை எல்லாவற்றையும் தின்னும். நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு: அன்றைக்கு இருக்கும் தண்ணீர்ச் சூட்டில், உங்கள் தொட்டியில், எந்த இரைமீன் பகல் பதினொரு மணி வரைக்கும் துடிப்பாக இருக்கும்? விலை கூடிய இரை மயங்கிக் கிடந்தால் அதைவிட, துள்ளுகிற மலிவான இரை எப்போதும் மேல்.

## இந்த மீனும் இந்தப் பருவமும்

ஸ்ட்ரைப்பர் என்று சுருக்கிச் சொல்லும் வரிபோட்ட பாஸ் அட்லாண்டிக் கரையோர மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். 1940-களின் தொடக்கத்தில் தென் கரோலினாவில் சான்டீ, கூப்பர் ஆறுகளை மறித்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட கூட்டம் நன்னீரிலேயே பெருகியது. அதைக் கண்ட பிறகுதான் மற்ற மாநிலங்களும் தங்கள் ஏரிகளில் குஞ்சு விட ஆரம்பித்தன. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபோர்ட் அணை கட்டி, 1950-களில் உண்டான லேனியரின் பரப்பு சுமார் 38,000 ஏக்கர். ஸ்ட்ரைப்பர் முட்டை பொரிய ஓடும் தண்ணீரில் இரண்டு நாள் மிதக்க வேண்டும். அந்த வசதி இங்கே இல்லை என்பதால் மாநில அரசின் இயற்கை வளத் துறை ஆண்டுதோறும் குஞ்சு விட்டுத்தான் இந்த மீன்வளம் நிற்கிறது.

கோடையில் மேல்தண்ணீர் இதற்குச் சூடு அதிகம். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இரண்டுக்கும் நடுவில் உள்ள குளிர்ந்த அடுக்கில் பெரிய மீன்கள் அடைந்து கிடக்கும். செப்டம்பர் வரை நிலைமை ஏறக்குறைய அப்படித்தான். அக்டோபரில் மேல்தண்ணீர் ஆற ஆற அவை மேலே வரத் தொடங்கும். இரைமீன் கூட்டங்கள் ஓடை வாய்களுக்குள் நுழையும்போது பின்னாலேயே போகும். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ மேலும் கீழும் கலந்து தண்ணீர் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அப்போது பத்தடியிலும் இருக்கும், ஐம்பதடியிலும் இருக்கும். பெயர் ஒன்றானாலும், இரை விஷயத்தில் இலையுதிர்காலம் இங்கே மூன்று பருவம்.

## எதை வைத்து அளப்பது

ஊரில் விராலுக்குக் கெண்டைக் குஞ்சைக் கோத்துப் பழகியவர்களுக்கு இரையை உயிரோடு வைத்திருப்பது ஒரு வேலையே அல்ல. ஒரு வாளித் தண்ணீர் போதும். ஹெர்ரிங்கும் ஷாட்டும் அந்த ரகமல்ல. இரண்டும் மத்தியின் உறவுமுறை. கை பட்டால் செதில் உதிரும். உதிர்ந்த மீன் அதிக நேரம் தாங்காது. நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கும் என்பதால் சதுரத் தொட்டியில் மூலையில் முட்டி முட்டி மூக்கு சிவந்து சாகும். ஆகவே முதல் அளவுகோல் தாங்கும் தன்மை.

அடுத்தது அளவு. ஏரியில் மீன் அந்த வாரம் எதைத் தின்கிறதோ அதன் நீளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அக்டோபரில் அந்த ஆண்டுப் பிறந்த ஷாட் குஞ்சுகள் விரல் நீளம்தான் இருக்கும். ஸ்ட்ரைப்பர் அவற்றிலேயே மும்முரமாக இருக்கும் நாட்களில் ஆறு அங்குல ஹெர்ரிங்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது, எப்படி விடப்போகிறீர்கள் என்பது. ஒன்றரை, இரண்டு அவுன்ஸ் ஈயத்தோடு நேர்கீழே இறக்கும் டவுன்லைன் ஒரு வகை. எடையே இல்லாமல் படகுக்குப் பின்னால் விடும் ஃப்ரீலைன் இன்னொன்று. தூண்டில் நரம்பைப் பக்கவாட்டில் ஒதுக்கி இழுத்துப்போகும் பிளேனர் பலகை மூன்றாவது. முதலாவதில் இரை இருந்த இடத்தில் துடித்தால் போதும். மற்ற இரண்டிலும் அது மணிக்கணக்கில் நீந்தியாக வேண்டும்.

அப்புறம் பணமும் நேரமும், கடைசியாகச் சட்டம். சட்டத்தைக் கடைசியில் சொன்னாலும் அதை மீறினால் செலவு அதிகம். உயிருள்ள ப்ளூபேக் ஹெர்ரிங்கை ஜார்ஜியாவில் எல்லா ஏரியிலும் பயன்படுத்த முடியாது. அனுமதிக்கப்பட்ட நீர்நிலைகள் எவை என்று பட்டியலே உண்டு. லேனியரில் மிஞ்சியதை அடுத்த வாரம் அல்லட்டூனா ஏரிக்கு எடுத்துப்போகலாம் என்ற யோசனை வந்தால், முதலில் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைத் திறங்கள்.

## ப்ளூபேக் ஹெர்ரிங்: கடையில் வாங்குவது

லேனியரில் உயிர் இரை என்றால் பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். இதுவும் இந்த ஏரிக்கு வந்தேறிதான். அட்லாண்டிக் கரையோர மீன். இப்போது ஸ்ட்ரைப்பரின் அன்றாட உணவே இதுதான். ஏரிக்குப் போகும் வழியில் உள்ள இரைக் கடைகளில் டஜன் கணக்கில் கிடைக்கும். நான்கிலிருந்து ஆறு அங்குலம் வரை இருப்பதால் சிறிய மீனும் எடுக்கும், பெரிய மீனும் எடுக்கும்.

டவுன்லைனில் இறக்கினால் ஆழத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும். மூக்குத் துளை வழியாகக் கோத்தால் ஃப்ரீலைனிலும் பலகையிலும் நன்றாக இழுபடும். மூன்று முறைக்கும் பொருந்துவது இது ஒன்றுதான் என்பேன்.

மறைந்திருக்கும் செலவு தொட்டியில் இருக்கிறது. பலர் டஜன் விலையை மட்டும் பார்த்து ஹெர்ரிங் மலிவு என்று நினைக்கிறார்கள். சூடு தாங்கும், உள்ளே மூலையில்லாத வட்டத் தொட்டி, பம்பு, வடிகட்டி எல்லாம் சேர்ந்தால் சில நூறு டாலர் ஆகும். பாஸ் படகுகளில் கட்டியே வரும் இரைத் தொட்டி பெரும்பாலும் பெட்டி வடிவம். அதில் ஒரு டஜன் போட்டாலே நெருக்கடிதான். ஒரு கேலனுக்கு ஒரு மீன் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. செப்டம்பர் சூட்டில் அதையும் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

தண்ணீருக்கும் பக்குவம் உண்டு. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போட வேண்டும். கொஞ்சம் உப்பு போட்டால் செதில் உதிர்ந்த மீனும் அதிர்ச்சியைத் தாங்கும். அயோடின் கலக்காத உப்பாக இருக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் கல்லுப்பு பாக்கெட்டுகளிலும் பலவற்றில் அயோடின் சேர்த்திருப்பார்கள், உறையைப் படித்து வாங்குங்கள். குளிர்விக்க ஐஸை நேராகக் கொட்டினால் அதிலுள்ள குளோரினும் தொட்டிக்குள் போகும். பாட்டிலில் தண்ணீர் உறையவைத்து அப்படியே மிதக்க விடுவது சுலபம். இதெல்லாம் முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். பழகினால் காலையில் பத்து நிமிட வேலை.

ஹெர்ரிங்கைக் காசு கொடுக்காமலும் பிடிக்கலாம். இரவில் பாலத்தடியிலோ படகுத்துறையிலோ விளக்குப் போட்டுக் காத்திருந்தால் கூட்டமாக வரும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடையே மலிவு.

## த்ரெட்ஃபின் ஷாட்: வீச்சுவலையில் பிடிப்பது

அக்டோபரில் எனக்குப் பிடித்த இரை இதுதான். ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நல்லது என்னவென்றால், மீன் அப்போது தின்றுகொண்டிருப்பதையே முள்ளில் கோக்கிறீர்கள். விடியலில் ஓடையின் உள்கோடியில், மேற்பரப்பில் சின்னச் சின்ன வளையங்கள் தெரியும் இடத்தில் வலை வீசினால் இரண்டு மூன்று வீச்சில் தேவைக்குக் கிடைத்துவிடும். ஹெர்ரிங்கை ஸ்ட்ரைப்பர் திரும்பிப் பார்க்காத காலையில், மெல்லிய நரம்பில் சிறிய முள்ளோடு இறக்கிய மூன்றங்குல ஷாட் வேலை செய்யும்.

கெட்டது, சாவு. வலையிலிருந்து தொட்டிக்குப் போவதற்குள் சில, முதல் ஒரு மணி நேரத்தில் இன்னும் சில போய்விடும். படகின் தரையில் கொட்டி அள்ளக் கூடாது; வலையைத் தொட்டிக்கு மேலேயே திறந்து நேராகத் தண்ணீரில் விழ வைக்க வேண்டும். முதலில் ஒரு வாளியில் விட்டு, செதிலும் அழுக்கும் கழன்ற பிறகு தொட்டிக்கு மாற்றினால் வடிகட்டி அடைபடாது. செத்ததை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். கிடந்தால் தண்ணீர் கெட்டு, உயிரோடு இருப்பதும் சாகும்.

குளிரும் இதற்கு ஆகாது. தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு அருகில் இறங்கினால் ஏரியிலேயே சோர்ந்து மிதக்க ஆரம்பிக்கும். லேனியரில் அவ்வளவு குளிர் குளிர்காலத்தின் நடுவில்தான் வரும். ஆனால் அதற்கு முன்பே, நவம்பர் பிற்பகுதியிலேயே, கூட்டங்கள் கரையோரத்தை விட்டு ஆழத்துக்குப் போய்விடுவதால் வலைக்குச் சிக்குவது குறைந்துவிடும்.

இலவச இரை என்று இதைச் சொல்வது சரியில்லை. வலை ஒரு செலவு, அது மரத்தண்டில் மாட்டிக் கிழிந்தால் இன்னொரு செலவு. லேனியரின் அடியில் அணை கட்டுவதற்கு முன்பிருந்த மரங்களின் மிச்சம் இன்னும் பல இடங்களில் நிற்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, மீன் கடிக்கும் முதல் ஒரு மணி நேரம் இரை தேடுவதிலேயே போவது. வலையில் கிராப்பி, பாஸ் குஞ்சு மாதிரி, சட்டம் விளையாட்டு மீன் (game fish) என்று வகுத்தவை வந்தால் உடனே தண்ணீரில் விட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

## பெரிய கிஸ்ஸர்ட் ஷாட்

அதே வலை, கொஞ்சம் பெரிய கண்ணோடு. சேறு படிந்த ஆழமில்லாத ஓடைக்கோடிகளில் எட்டுப் பத்து அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். சின்ன வயதில் இரண்டு ஷாட்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். வாலில் மஞ்சள் பூச்சு இருந்தால் த்ரெட்ஃபின். வால் சாம்பலாகவும் வாய் கொஞ்சம் கீழ்நோக்கியும் இருந்தால் கிஸ்ஸர்ட். மிதவை உயிரிகளையும் அடியில் படிந்த மக்கலையும் தின்னும் மீன் என்பதால் தூண்டிலுக்கு ஏறாது, வலை ஒன்றே வழி.

இருபது பவுண்டுக்கு மேற்பட்ட மீன்தான் வேண்டும், நாளில் ஒரு கடி வந்தாலும் போதும் என்பவர்களுக்கு இது. நவம்பரில் பலகையில் கட்டி முனைகளையும் மேடுகளையும் ஒட்டி மெதுவாக இழுப்பார்கள். த்ரெட்ஃபினைவிடத் தாங்கும். ஆனால் இத்தனை பெரிய உடம்புக்குத் தொட்டியும் பெரிதாக வேண்டும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் இதை எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் கம்பு அசையாவிட்டால் அவர்கள் அடுத்த முறை வர மாட்டார்கள்.

## ட்ரௌட்

பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரௌட். தண்ணீர் 65 டிகிரிக்குக் கீழே வந்தபின் இதை யோசிக்கலாம். அதற்கு முன் தொட்டியிலும் தாங்காது, முள்ளிலும் தாங்காது. குளிர்ந்துவிட்டால் நிலைமை தலைகீழ். செதில் உதிராது, ஒரே மீனை நெடுநேரம் இழுக்கலாம், பலகைக்கு இதைவிட உறுதியான இரை இல்லை. பட்டியலில் அதிக விலையும் இதுதான். ட்ரௌட் ஒரு விளையாட்டு மீன் என்பதால் கடை ரசீதைப் படகிலேயே வைத்திருங்கள். சோதனைக்கு வரும் அதிகாரியிடம் வாயால் விளக்குவதைவிட அது எளிது. டிசம்பரில் பெரிய மீனைத் துரத்துபவர்களுக்குச் சரி. அக்டோபரில் காசு விரயம்.

## ஷைனர், மின்னோ

பொன்னிறக் கெண்டைக் குஞ்சு மாதிரி இருக்கும் ஷைனரை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனால் சதுரப் பெட்டியில், ஒரு சின்ன காற்றுப் பம்போடு, நாள் முழுக்க உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். விலையும் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுத்த நாளும் பயன்படுத்தலாம். ஸ்ட்ரைப்பர் மட்டுமல்லாமல் ஸ்பாட்டட் பாஸ், கிராப்பி, பூனைமீன் எல்லாம் எடுக்கும். அதுவே குறையும்கூட: ஸ்ட்ரைப்பருக்கு முன்னால் வேறு ஏதாவது தின்றுவிடும். ஆழத்தில் ஹெர்ரிங் அளவுக்குப் பளிச்சென்று மின்னுவதும் இல்லை.

## ஒரே பார்வையில்

| இரை | தொட்டியில் தாங்குமா | ஏற்ற காலம் | விடும் முறை | சொல்லப்படாத செலவு |
|---|---|---|---|---|
| ப்ளூபேக் ஹெர்ரிங் | நல்ல வட்டத் தொட்டியில் தாங்கும் | செப்டம்பர் முதல் டிசம்பர் வரை | மூன்றும் | தொட்டி, ஐஸ், உப்பு, மருந்து |
| த்ரெட்ஃபின் ஷாட் | மிகக் கடினம் | அக்டோபர், நவம்பர் தொடக்கம் | டவுன்லைன், ஃப்ரீலைன் | வலை, விடியல் நேரம், பாதிச் சாவு |
| கிஸ்ஸர்ட் ஷாட் | பெரிய தொட்டியில் சுமார் | நவம்பர் | பலகை, ஃப்ரீலைன் | கடியே வராத நாட்கள் |
| ட்ரௌட் | குளிரில் மிக நன்று | நவம்பர் கடைசி, டிசம்பர் | பலகை, ஃப்ரீலைன் | விலை |
| ஷைனர், மின்னோ | எதிலும் தாங்கும் | எப்போதும் | டவுன்லைன், தக்கை | வேறு மீன் தின்றுவிடும் |

## யாருக்கு எது

படகு இருக்கிறது, வட்டத் தொட்டி இருக்கிறது, மாதத்துக்கு இரண்டு மூன்று சனிக்கிழமை போவீர்கள் என்றால் ஹெர்ரிங்கையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மட்டும் படகில் ஒரு வலையும் கிடக்கட்டும். ஹெர்ரிங்கைத் தொடவில்லை, ஆனால் மீன் காட்டும் கருவியின் திரையில் மீன் தெரிகிறது என்றால் அப்போது எடுத்து வீசலாம். தொட்டி இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்கும்வரை ஷைனரோடு போவது உத்தமம். பெட்டித் தொட்டியில் ஹெர்ரிங் வாங்கிப் போட்டுப் பாதியைக் கடையிலிருந்து ஏரிக்குப் போவதற்குள் இழப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆண்டுக்கு ஒரு முறை, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசை என்றால் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவையே இல்லை. ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். இரை, தொட்டி, இடம் எல்லாம் அவர் பொறுப்பு. தொட்டி வாங்கும் காசைக் கணக்குப் பார்த்தால் அது ஒன்றும் அதிகமில்லை. பதினாறு வயது நிரம்பியவர்களுக்குப் பொதுவாக மீன்பிடி உரிமம் வேண்டும், விருந்தாளிக்கும்தான்.

படகே இல்லாதவர்களுக்கு நவம்பர் நடுவிலிருந்துதான் காலம். மீன் ஓடைக்குள் ஆழமில்லாத இடத்துக்கு வரும்போது கரையிலிருந்தும் எட்டும். தக்கைக்குக் கீழே ஒரு பெரிய ஷைனர், அல்லது அடியில் ஈயத்தோடு ஹெர்ரிங். நாரைகளை விடுங்கள், கடற்புறாக்களைப் பாருங்கள். அவை ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தண்ணீரில் விழுந்தால் கீழே ஸ்ட்ரைப்பர் இரையை மேலே தள்ளிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். முக்குளித்து எழும் லூன் பறவைகளும் நல்ல அடையாளம்.

எந்த இரையானாலும் முள், முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் வகையாக இருக்கட்டும். ஹெர்ரிங்குக்கு 1/0 அல்லது 2/0 அளவு முள் போதும். கம்பு வளைந்ததும் வெடுக்கென்று இழுக்காமல் ரீலைச் சுற்ற ஆரம்பித்தால் முள் தானாக வாயோரத்தில் ஏறும். நம் ஊர்ப் பழக்கத்தில் கை முந்திக்கொண்டு சுண்டிவிடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் நாளாகும்.

செப்டம்பரில் போகிறவர்கள் இரையைக் குறைத்தே வாங்குங்கள். சூடான மாதத்தில் ஆழத்திலிருந்து இழுத்து வந்த ஸ்ட்ரைப்பரைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். அந்த மாதத்தில் பிடித்து விடும் விளையாட்டு வேண்டாம். சமையலுக்கு வேண்டியது கிடைத்ததும் நிறுத்திவிடுவதே நியாயம். ஜார்ஜியா விதிப்படி ஸ்ட்ரைப்பர், வெள்ளை பாஸ், இரண்டின் கலப்பினம் மூன்றும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 15. அதில் 22 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவை இரண்டுக்கு மேல் கூடாது. அந்த இரண்டு பெரிய மீனே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஆகவே ஒரு டஜன், ஒன்றரை டஜன் ஹெர்ரிங் போதும்.

குழம்புக்குத் துண்டு போடும் முன் பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதையைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். வாடையெல்லாம் அதில்தான். பெரிய மீனை எத்தனை நாளுக்கு ஒரு முறை சாப்பிடலாம் என்று மாநிலம் வெளியிடும் அறிவுரைப் பட்டியலில் லேனியர் ஸ்ட்ரைப்பரும் உண்டு. வீட்டில் கர்ப்பிணிகளோ சின்னக் குழந்தைகளோ இருந்தால் அதைப் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். செத்த ஹெர்ரிங்கை எறிய வேண்டாம். உப்புப் போட்டு உறைய வைத்தால் பூனைமீனுக்குத் துண்டு இரையாகும். ஆனால் வீட்டு ஃப்ரீசரில் அதற்கென்று மூடி இறுகிய ஒரு டப்பா ஒதுக்காவிட்டால், அடுத்த வாரம் ஏரிக்குப் போக அனுமதி கிடைக்காது.